எகிப்து ஸ்டைல் செருப்புன்னு விக்கிறாங்களே, அது நிஜமாவே எகிப்துதானா?

மஞ்சப்பை:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா கேள்வி கேக்குறேன், தப்பான இடத்துல போட்டிருந்தா அட்மின் மாத்தி விட்டுருங்க.

விஷயம் என்னன்னா என் தங்கச்சி ரிசப்ஷனுக்காக ஆன்லைன்ல ஒரு செருப்பு வாங்குனேன். "க்ளியோபாட்ரா எகிப்து ஸ்டைல்"னு போட்டிருந்துச்சு, தங்கக் கலர், முட்டி வரைக்கும் குறுக்கும் நெடுக்குமா வாரை சுத்தி பின்னாடி முடிச்சு போட்டுக்கணும். ஃபோட்டோல அந்தப் பொண்ணு கால்ல அம்சமா இருந்துச்சு, 1,400 ரூபா குடுத்தேன். போட்டுட்டு மேடை ஏறி இறங்குறதுக்குள்ள ரெண்டு கால்லயும் வார் சரிஞ்சு கணுக்கால்ல கொலுசு மாதிரி சுருண்டு கெடக்கு, புடவையைத் தூக்கிக் குனிஞ்சு இழுத்து விடறதே வேலையாப் போச்சு, வீடியோக்காரர் அதையும் கரெக்டா எடுத்து வெச்சிருக்காரு. விரலிடுக்குல வர்ற வார் கடிச்சு தோல் உரிஞ்சுடுச்சு. மூணாவது தடவை போடும்போது விரல் மடங்குற இடத்துல தங்கக் கலர் கோடு கோடா வெடிச்சு உள்ள வெள்ளைத் துணி தெரியுது.

சரி அந்த 1,400 போனது போகட்டும். அந்தக் காலத்து எகிப்துல நிஜமாவே இப்படித்தான் முட்டி வரைக்கும் கட்டிக்கிட்டு திரிஞ்சாங்களா, அந்த மணல்ல? ஏன் கேக்குறேன்னா எங்க தெருமுனைல ஒரு தாத்தா செருப்பு தைக்கிறாரு, கைவேலை சுத்தமா இருக்கும், படம் காட்டும்மா செஞ்சு தர்றேங்கறாரு. அவர்கிட்ட என்ன படத்தைக் காட்டறது? நெட்ல தேடுனா எதைத் தொட்டாலும் அதே முட்டி வார்தான் வருது. எனக்கு டிசைன் எகிப்து மாதிரி இருக்கணும், ஆனா ஆபீஸுக்கும் போட்டுட்டு போகணும், ம்யூசியத்துல வைக்கறதுக்கு இல்ல.

சும்மா_பாக்க_வந்தேன்:

முட்டி வரைக்கும் வார் சுத்துனா அது ரோம் பக்கம்ங்க. க்ளாடியேட்டர் சாண்டல்னு தேடிப் பாருங்க, அதே படம் அதே விலைல வரும். பேரை மட்டும் மாத்தி எகிப்துன்னு போட்டு ஒரு பிரமிடு படத்தை பின்னாடி ஒட்டியிருப்பான்.

கெய்ரோ_போன_மாப்ள:

மேல சொன்னவரு சொன்னது சரிதான். நான் கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுமை இருந்தா படிங்க.

நான் துபாய்ல வேலை பாக்குறேன். போன டிசம்பர்ல லீவு கிடைச்சு குடும்பத்தோட கெய்ரோ போயிருந்தோம். கீஸா பிரமிடு பக்கத்துல பெரிய ம்யூசியம் ஒன்னு 2025 நவம்பர் 1ல திறந்தாங்கல்ல, துட்டன்காமுன்ங்கற பழைய எகிப்து ராஜாவோட கல்லறைல கிடைச்ச 5,000க்கு மேற்பட்ட சாமானையும் ஒரே இடத்துல கொண்டுவந்து வெச்சிருக்காங்க. பசங்க தங்க முகமூடி கிட்ட ஓடிட்டாங்க, நான் செருப்பு இருக்கற கண்ணாடிப் பெட்டிகிட்டயே நின்னுட்டேன். வீட்டம்மா வந்து, "செருப்பு பாக்கவா இவ்ளோ காசு செலவு பண்ணி வந்தோம்"னு ஒரு சத்தம் போட்டாங்க. நியாயமான கேள்விதான்.

1922ல ஹோவர்ட் கார்ட்டர்ங்கற தொல்லியல்காரர் அந்தக் கல்லறையை திறந்தப்ப காலணி மட்டுமே 80க்கு மேல கிடைச்சிருக்கு. செத்துப்போகும்போது அந்த ராஜாவுக்கு 18, 19 வயசுதான் இருக்கும், காலேஜ் பையன் வயசு. புல்லுல தைச்சது, தோல்ல செஞ்சது, மரத்துல செஞ்சு மேல தங்கத் தகடு மரப்பட்டை எல்லாம் ஒட்டினதுன்னு வகை வகையா இருக்கு. ஆந்த்ரே வெல்ட்மையர்னு ஒரு டச்சுக்காரர் பல வருஷமா எகிப்து செருப்பை மட்டுமே ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காரு, இந்த ராஜா செருப்புங்களை ஒவ்வொன்னா உக்காந்து பாத்து எழுதியிருக்காரு. இப்படியும் ஒரு உத்தியோகம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். எகிப்து செருப்புல மொத்தமே ரெண்டு வார்தான். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல ஒரு வார் கிளம்பும். அது நம்ம ஹவாய் செருப்பு மாதிரி உடனே ரெண்டாப் பிரியாது, ஒத்தையா புறங்கால் மேட்டு வரைக்கும் ஏறி வரும், அங்க குறுக்கால போற இன்னொரு வாரோட சேரும். அந்த குறுக்கு வார் ரெண்டு பக்கமும் இறங்கி அட்டையோட ஓரத்துல முடியும். சிலதுல குதிகாலுக்குப் பின்னாடி ஒரு வார் சேத்திருப்பாங்க. அவ்ளோதான் கதை. கணுக்காலுக்கு மேல ஒன்னுமே கிடையாது. சுவர் ஓவியம் எதை எடுத்துப் பாத்தாலும் பக்கவாட்டுல நிக்கிற ஆள் செருப்பு போட்டிருந்தா கால்ல இந்த வடிவம்தான் தெரியும், சிலருக்கு செருப்பு நுனி மட்டும் நீளமா வளைஞ்சு மேல ஏறி பின்பக்கமா சாஞ்சிருக்கும்.

அட்டை பெரும்பாலும் புல்லும் ஓலையும்தான். ஒரு கத்தை புல்லை எடுத்து மேல பனை ஓலை நாரை சுத்தி அடுத்த கத்தையோட சேத்து தைச்சுக்கிட்டே போவாங்க, நம்ம ஊர் ஓலைப்பெட்டி பின்னுற மாதிரி நெருக்கமா வரி வரியா இருக்கும், ஓரத்துக்கு மட்டும் தனியா ஒரு கரை கட்டியிருக்கும். பேரீச்சை ஓலை, டூம்னு ஒரு கிளைவிட்ட பனை, பாப்பிரஸ்ங்கற கோரை எல்லாம் உபயோகிச்சிருக்காங்க. கோயில் பூசாரிங்க லினன் துணியும் பாப்பிரஸ் செருப்பும் தவிர வேற எதையும் போட மாட்டாங்கன்னு கிரேக்கத்துல இருந்து வந்து பாத்துட்டுப் போன ஹெரோடோட்டஸ் எழுதி வெச்சிருக்காரு.

தங்கம் எங்க வந்துச்சுன்னா, பொணத்துக்கு. சத்தியமா. துட்டன்காமுன் மம்மி கால்ல தங்கத்தகட்டு செருப்பு இருந்துச்சு, பத்து கால் விரலுக்கும் தனித்தனியா தங்க உறை வேற. அந்த தங்கத்தகட்டுல புல்லு செருப்போட தையல் வரியை அப்படியே அச்சு அடிச்சிருக்கான், அதாவது புல்லு செருப்பைப் பாத்து தங்கத்துல காப்பி. மூணாம் துட்மோஸ் ராஜாவோட மனைவிங்க மூணு பேருக்கு போட்டுவிட்ட தங்க செருப்பும் விரல் உறையும் இப்ப நியூயார்க் மெட் ம்யூசியத்துல இருக்கு. தகடு மடங்காது, போட்டுட்டு நாலு எட்டு வெக்க முடியாது, வேற உலகத்துக்குப் போறவங்களுக்குத்தான் அது. அதனால தங்கச் செருப்புதான் எகிப்து செருப்புன்னு சொல்றது நம்ம வீட்டு கல்யாண ஆல்பத்தை மட்டும் பாத்துட்டு தமிழ்நாட்டுல எல்லாரும் தினமும் பட்டுதான் கட்டுவாங்கன்னு சொல்ற மாதிரி.

இன்னொரு கூத்து. க்ளியோபாட்ராவோட பரம்பரை மாசிடோனியால இருந்து வந்த கிரேக்கப் பரம்பரை. துட்டன்காமுனுக்கும் அந்தம்மாவுக்கும் நடுவுல 1,200 வருஷத்துக்கு மேல இடைவெளி. அதனால கிரேக்க ரோம ஸ்டைல் செருப்புக்கு க்ளியோபாட்ரா பேரு வெச்சான்னா அது பெரிய குத்தம் இல்ல, கூடவே எகிப்துன்னு போட்டான் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டான்.

பழைய_சோறு:

@கெய்ரோ_போன_மாப்ள அண்ணே அருமை. ஆனா ஒரு சந்தேகம், அப்ப நம்ம ஹவாய் செருப்பே எகிப்துல இருந்து வந்ததுதானே? எங்கயோ வீடியோல பாத்தேன், 5,000 வருஷமா அதே டிசைன்னு சொன்னான்.

கெய்ரோ_போன_மாப்ள:

வடிவம் கிட்டத்தட்ட ஒன்னுதான், வம்சம் வேற. இப்ப நாம போடற ரப்பர் செருப்பு ஜப்பான்காரங்களோட ஸோரிங்கற வைக்கோல் செருப்பைப் பாத்து வந்தது. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு அமெரிக்க சோல்ஜருங்க ஜப்பான்ல இருந்து ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க, அப்படியே பரவுச்சு. பிரேசில்ல 1962ல ஆரம்பிச்ச ஹவாயானாஸ் செருப்புல மேல் அட்டைல அரிசி மணி மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும் பாருங்க, அது அந்த வைக்கோல் செருப்போட ஞாபகத்துல வெச்சதுதான். விரலிடுக்குல ஒரு கயிறு போட்டா செருப்பு நிக்கும்ங்கறது அங்கங்க மனுஷனுக்கு தானா தோணியிருக்கும், அதுக்கு ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தன் காப்பி அடிக்கணும்னு இல்ல.

ராத்திரி_டூட்டி:

செருப்பு மேட்டர்ல எனக்குப் பிடிச்ச ஒரே தகவலை சொல்லிட்டுப் போறேன். எகிப்துக்காரங்க செருப்புக்கு சாக்ஸ் போட்டிருக்காங்க. ஜோக் இல்லைங்க. ரோமானியர் ஆண்ட காலத்துல, அதாவது இன்னைக்கு ஒரு 1,700 வருஷம் முன்னாடி. லண்டன் பிரிட்டிஷ் ம்யூசியத்துல ஒரு சின்னக் குழந்தையோட இடது கால் சாக்ஸ் இருக்கு, பல கலர் கோடு போட்டது, கட்டைவிரலுக்கு தனி அறை, மத்த நாலுக்கும் ஒரு அறை. குப்பைமேட்டுல இருந்து தோண்டி எடுத்தது. அதே ஊர்ல வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) ம்யூசியத்துல சிவப்புக் கம்பளில ஒரு ஜோடி இருக்கு, அதுவும் அதே மாதிரி பிளவு. நம்ம ஆபீஸ்ல ஏசி குளிருக்கு ஸ்கின் கலர்ல தம்ப் சாக்ஸ் போட்டு மேல செருப்பு போடற அக்காங்களை இனிமே யாரும் கிண்டல் பண்ணாதீங்க.

மஞ்சப்பை:

ஐயோ அந்த அக்கா நான்தான் 😂

@கெய்ரோ_போன_மாப்ள அண்ணா ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன், என் தங்கச்சிக்கும் அனுப்புனேன். அப்ப தாத்தாகிட்ட நான் காட்ட வேண்டியது ஒத்தை வார் ஏறி வந்து குறுக்கு வாரோட சேர்ற படம், சரிதானே? ஆனா ராஜா ராணிக்குன்னு எதாவது ஸ்பெஷலா இருந்திருக்கும்ல, வெறும் ரெண்டு வார்னா பாக்க சாதாரணமா இருக்காதா? தோல்ல செஞ்சா விரலிடுக்கு மறுபடி கடிக்காதா? அதான் பயமா இருக்கு.

கெய்ரோ_போன_மாப்ள:

ஸ்பெஷல் இருக்கு, அடில இருக்கு. நான் பெட்டிகிட்ட நின்னு பாத்ததே அதைத்தான். ராஜாவோட ஒரு மரச் செருப்புல பாதம் படற இடத்துல கைகளை பின்னால கட்டுன கைதிங்க படம், ஒருத்தன் நூபியன் (எகிப்துக்குத் தெற்குப் பக்கத்துக்காரன்), ஒருத்தன் ஆசியாக்காரன், அவங்களுக்கு மேலயும் கீழயும் வில்லு வில்லா வரைஞ்சிருக்கு. எகிப்தோட எதிரிங்களை ஒன்பது வில்லுன்னு சொல்றது அவங்க வழக்கம். அதாவது ராஜா ஒவ்வொரு எட்டு வெக்கும்போதும் எதிரியை மிதிச்சுக்கிட்டே நடக்குறாரு. வெளில இருந்து பாக்கறவனுக்கு ஒன்னும் தெரியாது, போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

செருப்புக்கு அங்க அப்படி ஒரு மரியாதை. நார்மர்னு ஆரம்பகால ராஜா ஒருத்தர், கி.மு. 3100 வாக்கு. அவரோட கல் பலகை ஒன்னு கெய்ரோல இருக்கு. அதுல ராஜா எதிரி தலைமுடியைப் பிடிச்சு கதாயுதத்தை ஓங்கிட்டு நிக்கிறாரு, வெறுங்கால். பின்னாடி ஒருத்தன் சின்ன உருவமா நிக்கிறான், ஒரு கைல ராஜாவோட செருப்பு, இன்னொரு கைல தண்ணிச் செம்பு. 5,000 வருஷத்துக்கு முன்னாடியே செருப்பு தூக்கறதுக்குன்னு ஒரு ஆள். நமக்கு உடனே பரதனும் பாதுகையும்தான் ஞாபகம் வரும், ஆனா இங்க ராஜா காட்டுக்கெல்லாம் போகல, பக்கத்துலயேதான் நிக்கிறாரு.

அப்புறம் இன்னொரு பழைய ராஜா காலத்துல வேனின்னு ஒரு அதிகாரி தன் கல்லறைல பெருமையா எழுதி வெச்சிருக்காரு, என் படை போன வழில எந்த சோல்ஜரும் வழிப்போக்கன்கிட்ட இருந்து ரொட்டியையோ செருப்பையோ புடுங்கலன்னு. அப்ப மத்தவன் படையெல்லாம் புடுங்கிருக்கான்னு தானே அர்த்தம்.

ஆம்பூர்_பையன்:

தோல், தையல் பத்தி நான் சொல்றேன், எனக்குத் தெரிஞ்ச தொழில் அதுதான். 11 வருஷமா ஷூ ஃபேக்டரில பேட்டர்ன் செக்‌ஷன்ல இருக்கேன்.

முதல்ல உங்க தங்கக் கலர் ஏன் வெடிச்சுதுன்னா அது தோலே இல்ல. துணி மேல பிளாஸ்டிக் பூச்சு, அதுக்கு மேல காகிதத்தை விட மெல்லிசான மெட்டாலிக் ஃபாயில். விரல் மடங்குற இடத்துல செருப்பு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை மடங்கும், ஃபாயில் மடக்கைத் தாங்காது, கோடு விழும், வேர்வை உள்ள இறங்கும், உரியும். நல்ல தோல்ல ஃபாயில் போட்டாலும் மடங்குற இடத்துல கொஞ்ச நாள்ல கோடு விழத்தான் செய்யும். அதனால தங்கம் வேணும்னா குறுக்கு வார்ல மட்டும் வெச்சுக்கங்க, அது மடங்காது. பாதம் படற அட்டைல தங்கம் வேண்டவே வேண்டாம்.

விரலிடுக்கு கடிக்கறதுக்கு காரணம் முக்காவாசி ஓட்டை இருக்கற இடம். ஃபேக்டரில ஒரு சைஸுக்கு ஒரே ஓட்டைதான் போடுவாங்க, உங்க கால் அதுக்கு ஒத்து வரணும்னு எந்த கட்டாயமும் இல்ல. ஓட்டை ரொம்ப முன்னாடி இருந்தா வார் போய் விரலிடுக்கு சதைல இடிக்காது, ஆனா கால் முன்னாடி வழுக்கும், பின்னாடி இருந்தா ஒவ்வொரு எட்டுக்கும் சதையை அறுக்கும். தாத்தா கைவேலைக்காரர்ல, அவருக்கு இது ஒன்னுமே இல்ல. காகிதத்துல கால் வெச்சு நின்னுக்கிட்டு வரையுங்க, உக்காந்துக்கிட்டு வரைஞ்சா கால் விரியாது, அளவு தப்பும். சாயங்காலமா வரையுங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரெண்டு காலையும் தனித்தனியா வரைஞ்சு, விரலிடுக்குல பேனாவை நேரா இறக்கி புள்ளி வெச்சுக்கங்க. அந்தப் புள்ளிதான் உங்க ஓட்டை.

விரலிடுக்கு வார் தட்டையா இருக்கக்கூடாது, உருண்டையா சுருட்டி தைக்கச் சொல்லுங்க, உள்ள ஒரு நைலான் நாடா வெச்சு. தட்டை வார் ஓரம் பிளேடு மாதிரி. நைலான் எதுக்குன்னா செருப்புல மொத்த இழுவையும் அந்த ஒரு இடத்துலதான் விழுது, தோல் மட்டும் இருந்தா நாளாக நாளாக நீளும், அப்புறம் பிஞ்சுடும். அட்டைக்கு அடில முடிச்சுப் போட்டு, முடிச்சு உக்கார்றதுக்கு சின்னதா குழி எடுத்து, மேல அடி சோல் ஒட்டணும். எகிப்துக்காரனும் ஓட்டைல விட்டு அடில முடிச்சுதான் போட்டான், ஆனா அவன் முடிச்சு தரைல தேயும், நீங்க மேல ஒரு ரப்பர் சோல் ஒட்டிக்கங்க. ரெடியா வெட்டி விக்கிற பியூ (பாலியூரித்தேன்) சோல் வேண்டாம், நம்ம ஊர் ஈரத்துக்கு ரெண்டு மூணு வருஷம் பெட்டில சும்மா வெச்சாலே பிஸ்கட் மாதிரி உதிரும், கடைசியா எடுத்துப் போடற அன்னைக்கு நடுரோட்டுல கழண்டு வரும். ரப்பர் இல்லைன்னா ஈவிஏங்கற நுரை சோல்.

குறுக்கு வாரை பக்கத்துல எப்படி சேக்கறதுன்னு கேப்பாரு. எகிப்து தோல் செருப்புல ஒரு வகை இருக்கு, அட்டைத் தோலையே ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டி வெட்டி காது மாதிரி மேல மடக்கி, அதுல கீறி வாரை நுழைச்சிருப்பான். தனியா ஒட்டு, தையல், ரிவிட் ஒன்னும் இல்ல. கோலாப்பூரி செருப்புலயும் பக்கத்துல காது உண்டு, தாத்தாகிட்ட கோலாப்பூரி காது மாதிரின்னு சொன்னா டக்குன்னு பிடிச்சுக்குவாரு. உங்களுக்கு படமே தேவைப்படாது.

தோல் கேக்கும்போது மரப்பட்டை போட்டு பதனிட்ட தோலான்னு கேளுங்க. அதுதான் வேர்வையை இழுத்துக்கும், பத்து நாள்ல உங்க பாதத்தோட அச்சு அதுல விழுந்து உங்க செருப்பு ஆயிடும். வேடிக்கை என்னன்னா எகிப்து ராஜா காலத்துல இந்தப் பட்டை வேலை அவங்களுக்குத் தெரியாது, கிரேக்கர் வந்த பிறகுதான் வந்துச்சுங்கறாங்க. அதுக்கு முன்னாடி எண்ணெய் தடவி மிதிச்சு மிருதுவாக்கறதுதான். அதனாலதான் துட்டன்காமுன் கல்லறைல இருந்த தோல் சாமான்ல நிறைய உருகி கறுப்பு தார் மாதிரி ஆயிடுச்சு. ஒழுங்கா பதனிடாத தோல்ல ஈரமும் சூடும் சேந்தா அப்படித்தான், கொழகொழன்னு பசையாயிடும், காஞ்சா கல்லு.

ரெக்மிரேன்னு ஒரு மந்திரியோட கல்லறைச் சுவத்துல தோல் வேலைக்காரங்களை வரைஞ்சிருக்காங்க. பெரிய ஜாடில தோலை ஊறப் போடறான் ஒருத்தன், ஸ்டாண்டு மேல போட்டு இழுத்து நீவறான் ஒருத்தன், பிறை நிலா மாதிரி கத்தில வெட்டறான், குத்தூசில அட்டைல ஓட்டை போடறான். எங்க செக்‌ஷன்ல யாரோ அதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வெச்சிருக்காங்க. டீ குடிக்கும்போதெல்லாம் பாப்பேன், குத்தூசியை பிடிக்கற பிடி கூட மாறல. அந்தக் காலத்துல எழுத்தர் வேலைக்குப் போற பையனுக்கு அப்பன் புத்தி சொல்ற மாதிரி ஒரு பாடம் இருக்காம், எல்லா தொழிலையும் மட்டம் தட்டி, படிச்சு எழுத்தராகுடான்னு. அதுல செருப்பு தைக்கறவனை சொல்லும்போது அவன் கடிக்கறது எல்லாம் தோலைத்தான்னு வரும். வாருக்கு பல்லு குடுத்து இழுக்காத செருப்பு தொழிலாளி எங்கயாவது இருக்கானா சொல்லுங்க. எங்கப்பாவுக்கு முன்பல் ரெண்டும் தேஞ்சே போச்சு.

பழைய_சோறு:

@ஆம்பூர்_பையன் அண்ணே கடைசி வரி மனசைப் புடிச்சு இழுத்துடுச்சு.

@மஞ்சப்பை சாதாரணமா இருக்கும்னு பயந்தீங்கன்னா குறுக்கு வார்ல மணி கோத்து தைக்கச் சொல்லலாமே. நீலம், சிவப்பு, தங்கம் மாத்தி மாத்தி வெச்சா அந்த ராஜா கழுத்துல போடற பட்டை மாலை மாதிரி இருக்கும்.

கெய்ரோ_போன_மாப்ள:

மணி நல்ல ஐடியாதான், ஆனா நூல்ல கவனம். கார்ட்டர் அந்தக் கல்லறை முன்னறைல தரைல ஒரு ஜோடி மணி செருப்பைப் பாத்தாரு. பாக்க புத்தம் புதுசு மாதிரி இருந்திருக்கு, ஆனா உள்ள நூல் முழுக்க மக்கிப் போச்சு, தொட்டா பொலபொலன்னு கொட்டி கைல வெறும் மணிதான் மிஞ்சும். மனுஷன் என்ன பண்ணாருன்னா அங்கயே ஸ்பிரிட் ஸ்டவ் பத்தவெச்சு பாரஃபின் மெழுகை உருக்கி செருப்பு மேல ஊத்தி, ஒன்னு ரெண்டு மணி நேரம் இறுகற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் முழுசா தூக்கியிருக்காரு. உங்களுக்கு 3,000 வருஷம் தாங்க வேண்டாம், ஆனா பருத்தி நூல்னா ரெண்டு மழைக்கே அவுந்துடும், நைலான் நூல்ல கோத்து நாலு மணிக்கு ஒரு முடிச்சு போடச் சொல்லுங்க. ஒன்னு அறுந்தாலும் மொத்தமா கொட்டாது.

சும்மா_பாக்க_வந்தேன்:

எகிப்து மோகம்லாம் புதுசு இல்லைங்க. 1922ல கல்லறை திறந்த கையோட மேல்நாட்டுல நகை, துணி, கட்டடம்னு எல்லாத்துலயும் எகிப்து டிசைன் புகுந்துடுச்சு. அதே காலத்துல ஃபெர்ராகமோங்கற இத்தாலி செருப்பு டிசைனர் ஹாலிவுட்ல உக்காந்து சரித்திரப் படங்களுக்கு சாண்டல் செஞ்சு குடுத்துட்டிருந்தாரு, சினிமா சாண்டல் அப்படியே கடைக்கு வந்துச்சு. ஷானெல்ங்கற ஃபேஷன் கம்பெனி 2018 டிசம்பர்ல நியூயார்க் மெட் ம்யூசியத்துக்குள்ள, எகிப்துல இருந்து பேத்து எடுத்துட்டு வந்து வெச்சிருக்கற டெண்டூர் கோயில் முன்னாடியே ஷோ நடத்துனாங்க, எல்லாம் ஒரே தங்க மயம். கோலாப்பூரி பேச்சு வந்ததால சொல்றேன், 2025 ஜூன்ல ப்ராடாங்கற இத்தாலி ஃபேஷன் கம்பெனியோட மிலான் ஷோல அச்சு அசலா கோலாப்பூரி மாதிரி செருப்பு வந்து இங்க பெரிய சண்டையாச்சு, அப்புறம்தான் ஆமா இந்தியக் கைவினையைப் பாத்துதான்னு ஒத்துக்கிட்டாங்க. எகிப்து செருப்பு தைச்சவன் வந்து கேக்க மாட்டான்ங்கற தைரியத்துலதான் எதை வேணா எகிப்து ஸ்டைல்னு விக்கறான் பாருங்க.

மஞ்சப்பை:

அப்டேட் போடறேன்னு சொல்லிட்டு மூணு வாரம் ஆயிடுச்சு, மன்னிக்கணும். ஆடிட் நேரம்.

தாத்தாகிட்ட போனேன். எகிப்து, ராஜா, கல்லறை எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன், அவரு பாதியிலயே கையைக் காட்டி நிறுத்திட்டு, "ஒத்தை வாரு மேல ஏறி குறுக்கு வார்ல சேரணும், பக்கத்துல காது, அவ்ளோதானம்மா"ன்னாரு. காகிதத்துல நிக்க வெச்சு வரைஞ்சாரு. பேனாவை விரலிடுக்குல இறக்கச் சொன்னேன், சிரிச்சுட்டு, "பேனா எதுக்கு"ன்னு குத்தூசியோட பிடியை வெச்சே புள்ளி போட்டுட்டாரு. என் இடது கால் வலது காலை விட பெருசாம், 34 வயசுல எனக்கே இப்பதான் தெரியும்.

முதல் தடவை குறுக்கு வார் லூசா வந்துடுச்சு, நடந்தா டப்பு டப்புன்னு சத்தம். காதுல கீறுன ஓட்டைக்கு பக்கத்துல இன்னொரு ஓட்டை கீறி வாரை இழுத்து விட்டாரு, பல்லாலதான் இழுத்தாரு, @ஆம்பூர்_பையன் அண்ணா உங்க அப்பா ஞாபகம் வந்துச்சு. ஒட்டு இல்லாததால அப்படியே அங்கயே சரி பண்ண முடிஞ்சுது, பத்து நிமிஷம்கூட ஆகல. மணி குறுக்கு வார்ல ரெண்டு வரிசை, நீலமும் மங்கலான தங்கமும், நைலான் நூல். அடில ரப்பர் சோல். மொத்தம் 950 வாங்குனாரு, நானா 1,000 குடுத்தேன்.

ஒரு வாரமா போட்டுட்டு ஆபீஸ் போறேன், முதல் ரெண்டு நாள் லேசா உறுத்துச்சு, தேங்காய் எண்ணெய் தடவி வெச்சேன், இப்ப இல்ல. பக்கத்து சீட்டுப் பொண்ணு கோலாப்பூரியான்னு கேட்டா, எகிப்துன்னு சொன்னேன், நம்பல.

@கெய்ரோ_போன_மாப்ள அண்ணா, அந்த கைதி படம் மேட்டரை தாத்தாகிட்ட சொன்னேன். யார் படம் போடணும்னு சீரியஸா கேட்டாரு. எங்க பழைய டீம் லீடர் ஃபோட்டோ என் ஃபோன்ல இருக்கு, அடுத்த ஜோடிக்கு யோசிச்சிட்டிருக்கேன்.